வண்டிக்கு அடியில் ‘டக் டக்’: சஸ்பென்ஷன் சத்தத்தை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

காரின் அடியில் சத்தம் என்று பட்டறைக்குப் போனால் முதல் பழி ஷாக்கப் (ஷாக் அப்சார்பர்) மேல் விழும். முன்பக்க ஷாக்கப் இரண்டையும் மாற்றி, பணம் கட்டி, வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அதே சத்தம் மறுபடி கேட்கும். முன்பக்கம் ‘டக் டக்’ என்று தட்டும் சின்னக் கார்களில் பெரும்பாலும் மாட்டுவது சுண்டுவிரல் தடிமனில் இருக்கும் ஒரு கம்பிதான்: ஸ்டெபிலைசர் லிங்க், பட்டறைப் பேச்சில் லிங்க் ராடு. ஒரு ஜோடி ஷாக்கப் விலையில் அதைப் பல ஜோடி வாங்கலாம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வண்டிக்கு அடியில் படுத்துத் தேடுவதற்கு முன்னால், எப்போது வருகிறது என்று சீட்டில் உட்கார்ந்தபடியே கணித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காவிரி டெல்டாவில் இந்தச் சத்தத்துக்கு ஒரு பருவமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீரில் ஓடிய வண்டி, தை மாசியில்தான் தட்ட ஆரம்பிக்கும். பால் ஜாயின்ட் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் உருண்டை மூட்டு), லிங்க் ராடு, டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் சக்கரப் பக்க மூட்டு) மூன்றுக்கும் கிரீஸை மூடிக் காக்கும் ரப்பர் பூட் (உறை) இருக்கிறது. அதில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். நம் வண்டல் மண் மாவு போல நைசானது. தண்ணீர் வற்றியதும் மீந்த கிரீஸோடு கலந்து, வால்வு தேய்க்கும் பேஸ்ட் போல உள்ளேயே அரைக்கும். அது உருண்டையைத் தேய்த்து இடைவெளி விழ இரண்டு மூன்று மாதம் பிடிக்கிறது. அதற்குள் சம்பா அறுவடையும் வந்துவிடும். டிராக்டரின் கேஜ் வீல் (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) தாரில் வரிவரியாகப் பள்ளம் போட்டிருக்கும், மழைக்காலத்தில் கேட்காத சத்தம் அந்த வரிகளில் ஏறினால் கேட்கும். சாலை கெட்டதால் வந்த சத்தம் என்று தோன்றினாலும் வினை கார்த்திகையிலேயே ஆரம்பித்திருக்கும்.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள்

சிரிக்க வேண்டாம். பின்பக்கச் சத்தம் என்று வரும் புகார்களில் கணிசமானவை ஸ்பிரிங்கும் இல்லை, புஷ்ஷும் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை) இல்லை: பிடிப்பு தளர்ந்த ஸ்டெப்னி, கிளிப் விட்ட ஜாக்கி, துணி சுற்றாத வீல் ஸ்பேனர், கொக்கியில் சரியாக விழாத பின்சீட்டு. ஸ்டெப்னி முதற்கொண்டு எல்லாவற்றையும் இறக்கி வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பின் சீட்டில் யாரும் இல்லாதபோது சீட் பெல்ட் கொக்கி கதவின் பிளாஸ்டிக்கில் தட்டும் சத்தமும் சஸ்பென்ஷன் போலவே கேட்கும்.

அடுத்தது காற்று. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அவ்வளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது. பெட்ரோல் பங்கில் கேட்காமலே 40 பிஎஸ்ஐ ஏற்றிவிடுவது உண்டு. 30, 33 கேட்கும் டயரில் 40 இருந்தால் ஒவ்வொரு பள்ளமும் இடி போல இறங்கும், நல்ல சஸ்பென்ஷனும் கெட்டது போலக் கேட்கும்.

அறுவடைக் காலத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சாலையில் பரப்பியிருக்கும் வைக்கோல், எள், உளுந்துச் செடி மேல் ஏறிப் போன வண்டியில் ‘சர சர’ என்று சத்தம் வந்தால் ஆக்சில் ஷாஃப்டில் வைக்கோல் சுற்றியிருக்கிறது. இது வெறும் சத்தத் தொல்லை அல்ல. சைலன்சரின் முன்பகுதியில் இருக்கும் கன்வெர்ட்டரின் சூட்டில் வைக்கோல் தீப்பிடிக்கும். வைக்கோல் இல்லாத வெறும் தரையில் நிறுத்தி, சூடு ஆறிய பிறகு கையால் உருவி எடுங்கள். கத்தி போட்டால் ஆக்சில் பூட் கிழியும்.

சோதனை ஓட்டம்

கூட ஒருவர் இருப்பது நல்லது. ஏசி, பாட்டு அணைத்து, கண்ணாடி இறக்கி, மதில் சுவரை ஒட்டி மெதுவாகப் போனால் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். மூன்று வகைச் சாலை வேண்டும்.

முதலாவது, இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் இடம். சாலை முழுக்க அகலமான வேகத்தடை, அல்லது பால இணைப்பு. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலத்துக்கு மேல் பாலம். களிமண் நிரப்பு அமுங்கிய பால முகப்புகளில் வண்டி ஒரே மட்டமாக இறங்கி ஏறும். இந்தச் சோதனைக்கு இதைவிட வசதியான சாலை தேட வேண்டியதில்லை. இரண்டாவது, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குதிக்கும் வாய்க்கால் கரைச் சாலை, பள்ளங்கள் மாறி மாறி இருக்க வேண்டும். மூன்றாவது, ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து வட்டமடிக்கக் காலியான ஒரு களம் அல்லது மைதானம்.

ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது இதுதான். பிரேக்கை லேசாகத் தொட்டால் சத்தம் மாறுகிறதா? ஸ்டியரிங் திருப்பினால் மாறுகிறதா? வேகம் கூடினால் தாளமும் கூடுகிறதா, அல்லது சாலையின் மேடு பள்ளத்துக்கு மட்டும் பதில் சொல்கிறதா? சக்கரம் சுற்றுவதோடு சேர்ந்து வரும் சத்தம் பேரிங், டயர், ஆக்சில் வகை. மேடு பள்ளத்துக்கு மட்டும் வருவது புஷ், லிங்க், ஜாயின்ட் வகை. ஒரு எச்சரிக்கை: வண்டியின் உடல் முழுக்கத் தகரம், சத்தம் அதில் ஓடும். வலது முன்சக்கரத்தில் தட்டுவது நடு டாஷ்போர்டில் கேட்கும். காதை நம்பிப் பக்கத்தை முடிவு செய்யாதீர்கள்.

ஜாக்கி வைக்கும் முன்

மழை பெய்த வயலோரத்தில், வீட்டு முற்றத்து மண் தரையில் ஜாக்கி ஏற்றினால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத பலகை அடியில் வேண்டும். ஜாக் ஸ்டாண்டுக்கும் அதே பலகை. செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம், அவை முன்னறிவிப்பில்லாமல் வெடித்து நொறுங்கும். ஸ்டாண்ட் இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை நீட்டவே கூடாது. கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டு வைத்தால் அது இரண்டாவது காவல்.

தூக்குவதற்கு முன் டேப் எடுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த நான்கு எண்கள் பின்னால் இரண்டு முறை தேவைப்படும்.

அறிகுறி: 20 முதல் 40 கிமீ வேகத்தில், சின்ன மேடு பள்ளத்தில் ‘டக் டக் டக்’

அதிகம் வருவது இதுதான், அதிகம் தவறாகப் பிடிபடுவதும் இதுதான்.

பாலத்தில் இறங்கும்போது கேட்கவில்லை, வாய்க்கால் கரையில் ஒரு பக்கம் மட்டும் குதிக்கும்போது கேட்கிறது என்றால் ஸ்டெபிலைசர் பக்கம் பாருங்கள். ஸ்டெபிலைசர் கம்பி இடது வலது சக்கரங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் கம்பி முறுக்கேறாமல் புஷ்ஷில் சும்மா உருளும், லிங்குக்கு வேலை இல்லை. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் லிங்க் இழுபடும், தேய்ந்த உருண்டை தட்டும்.

உறுதி செய்ய இரண்டு வழி. சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு லிங்கைப் பிடித்து உலுக்குங்கள். நல்ல லிங்க் இறுக்கமாக இருக்கும், தேய்ந்தது விரல் நுனியிலேயே ‘டிக்’ என்று தெரியும். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டுச் செய்தால் முறுக்கிய கம்பி லிங்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் மறைந்துவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். இரண்டாவது வழி இன்னும் உறுதியானது: இரண்டு பக்க லிங்கையும் கழற்றி, கம்பியின் நுனிகள் டயரிலோ ஆக்சிலிலோ படாமல் கட்டிவிட்டு, அதே சாலையில் 30 கிமீக்கு மேல் போகாமல் ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி வழக்கத்தைவிடச் சாயும், மெதுவாகவே போங்கள். சத்தம் போய்விட்டதா? லிங்க் அல்லது கம்பியைச் சட்டத்தோடு பிடிக்கும் டி புஷ். போகவில்லையா? அந்தக் கம்பியைச் சந்தேகிப்பதை விட்டுவிடலாம்.

லிங்க் நட்டு பெரும்பாலும் 14 அல்லது 17 எம்எம். சும்மா திருகினால் நடு ஊசியும் சேர்ந்து சுற்றும். ஊசியின் நுனியில் உள்ள குழியில் 5 அல்லது 6 எம்எம் ஆலன் கீயைப் போட்டுப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். சில வண்டிகளில் குழி இருக்காது, ரப்பர் உறைக்குப் பின்னால் தட்டையாகச் சீவிய இடத்தில் மெல்லிய ஸ்பேனர் வைக்க வேண்டும். துருப்பிடித்திருந்தால் முந்தின நாள் இரவே கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துத் துரு இளக்கும் எண்ணெய் போட்டு வையுங்கள். குழி சிதைந்துபோனால் நட்டை வெட்டுவதுதான் வழி, எப்படியும் தூக்கிப் போடும் பாகம், வருத்தப்பட வேண்டாம். புது லிங்கை மாட்டும்போது இரண்டு முன் சக்கரமும் ஒரே உயரத்தில் இருந்தால் துளைகள் நேராக நிற்கும். புது நட்டையே போடுங்கள், அதன் உள்பூட்டு ஒரு தடவைக்குத்தான். பின்னால் அலைன்மென்ட் செய்யத் தேவையில்லை.

டி புஷ் வாங்கும்போது வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலின் பெட்ரோல், டீசல் வகைகளில் கம்பித் தடிமன் மாறலாம். வெர்னியரால் அளந்து கேளுங்கள். ஒரு மில்லிமீட்டர் பெரிய புஷ் புதிதாகவே தட்டும். பழையதைக் கழற்றும் முன் அதன் பிளவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லிங்க் சரியாக இருந்தும் அதே சத்தம் என்றால்: ஓடும்போது பிரேக்கை மெல்லத் தொடுங்கள், வேகம் குறையாத அளவுக்கு. சத்தம் சட்டென்று நின்றால் அது சஸ்பென்ஷனே இல்லை. காலிப்பருக்குள் பிரேக் பேட் ஆடுகிறது. பேடைப் பிடிக்கும் மெல்லிய தகடு காணாமல் போயிருக்கும், அல்லது காலிப்பர் ஊசியில் கிரீஸ் வற்றியிருக்கும். பேட் மாற்றியபோது ‘இது தேவையில்லை’ என்று அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

பிரேக்குக்கும் நிற்கவில்லை, தட்டல் ஸ்டியரிங் வளையத்தில் கைக்குத் தெரிகிறது என்றால் டை ராட் எண்ட், ரேக் எண்ட் (அதே கம்பியின் உள்முனை மூட்டு), ஸ்டியரிங் ரேக் புஷ். முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து மாறி மாறித் தள்ளுங்கள். ஒருவர் ஆட்ட, மற்றவர் டை ராட் எண்ட் மேல் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் வெளிமுனையில் இருந்தால் டை ராட் எண்ட். ரேக்கின் மடிப்பு ரப்பர் உறைக்கு உள்ளே ‘டொக்’ என்றால் ரேக் எண்ட். டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணி, புதியதையும் அதே சுற்றில் ஏற்றினால் அலைன்மென்ட் சென்டருக்குப் போய்ச் சேரும்வரை வண்டி நேராக ஓடும். போய்ச் சேர்வதற்குத்தான் அது, அலைன்மென்டைத் தவிர்ப்பதற்கு அல்ல.

அறிகுறி: பள்ளத்தில் விழும்போது ஒரே ஒரு கனமான ‘டொக்’, சில நேரம் பிரேக் பிடிக்கும்போதும்

லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே சட்டத்தோடு இணைக்கும் கை) பக்கம் போங்கள், தள்ளிப்போடாமல் போங்கள். லோயர் ஆர்மில் இரண்டு புஷ், நுனியில் ஒரு பால் ஜாயின்ட். பின்னால் இருக்கும் பெரிய புஷ்தான் பிரேக் பிடிக்கும் விசையைத் தாங்குகிறது. அது கிழிந்தால் பிரேக் பிடித்ததும் ஒரு ‘டொக்’, விட்டு ரிவர்ஸில் கிளம்பும்போது மறுபடி ஒரு ‘டொக்’. சட்டத்துக்கும் ஆர்முக்கும் நடுவில் நீளமான நெம்பு கம்பியை வைத்து மெல்ல நெம்பினால் ரப்பர் வாய் பிளப்பது தெரியும். மேலாக மயிர்க்கோடு போன்ற வெடிப்புகள் வயதின் அடையாளம், அதற்காக மாற்ற வேண்டாம். நடு இரும்புக் குழாயிலிருந்து ரப்பர் பிரிந்திருந்தால்தான் மாற்ற வேண்டும்.

பால் ஜாயின்டைப் பார்க்கச் சக்கரத்தை ஒரு அங்குலம் தூக்கி, டயருக்கு அடியில் கம்பியைப் போட்டு மேலே நெம்புங்கள். 12, 6 நிலையில் பிடித்தும் ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கும்போது வேறொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மிதித்தும் ஆடினால் பால் ஜாயின்ட். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றி வேளாங்கண்ணிக்குக் கிளம்பாதீர்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி மூக்கால் உழும், ஸ்டியரிங் கைக்கு வராது. சத்தம் பழகிப்போய் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பழகக்கூடாது.

பால் ஜாயின்டைப் பிரிக்க ஊசி மரையின் மேல் சுத்தியலால் அடிக்காதீர்கள். அது இறங்கியிருக்கும் நக்கிளின் (ஹப்பைத் தாங்கும் வார்ப்பு) காதில் பக்கவாட்டில், இரண்டு பக்கமும் சுத்தியல் வைத்து ஒரே நேரத்தில் நாலு தட்டு. கூம்பு தானாக விடும். கவட்டை உளியை ஓட்டினால் பூட் கிழியும், திரும்பப் போடப்போகும் ஜாயின்ட் என்றால் அந்தக் கிழிசலோடு அதன் ஆயுளும் முடிந்தது. ஸ்பிளிட் பின் போடும் நட்டாக இருந்தால், இறுக்கிய பிறகு துளை நேராக வரவில்லை என்று தளர்த்தக் கூடாது. இன்னும் கொஞ்சம் இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிடுவதுதான் நம் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு. இந்த ரப்பர் உள்ளே இரும்போடு ஒட்டி வார்த்தது, உருளாது, முறுக்கிக்கொண்டுதான் அசையும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கியே நிற்கும். வருடக்கணக்கில் ஓட வேண்டிய புஷ் சில மாதத்தில் கிழியும், ‘கம்பெனிப் பொருளே இப்போ சரியில்லை’ என்று பேச்சு வரும். போல்ட்டை விரலால் ஏற்றி வையுங்கள். பிறகு ஹப்புக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஹப்பின் மையத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் முன்பு எழுதி வைத்த அளவு வரும்வரை தூக்கி, அதன் பிறகு சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்கில் (முறுக்கு விசை அளவு) இறுக்குங்கள். வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கியில் வராவிட்டால் சக்கரத்தைப் போட்டுச் சாய்வுப் பலகையில் ஏற்றி நிறுத்தி இறுக்கலாம்.

ரிவர்ஸுக்கும் முன் கியருக்கும் மாற்றும்போது மட்டும், பள்ளமே இல்லாமல் ‘டொக்’ வந்தால் எஞ்சின் மவுண்ட். சஸ்பென்ஷனைக் கழற்ற வேண்டாம்.

அறிகுறி: வேகத்தடையிலிருந்து இறங்கும்போது ‘தொம்’

ஷாக்கப் பேச்சு வர வேண்டியது இங்கேதான். பானெட்டின் ஓரத்தை அழுத்தி விட்டால் வண்டி ஒன்றரை ஆட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பார்கள். அந்தச் சோதனை முழுக்கச் செத்த ஷாக்கப்பை மட்டுமே காட்டும், பாதி செத்தது தப்பித்துவிடும். டயரைத் தடவிப் பாருங்கள். மேல்பரப்பில் அலை அலையாகக் கிண்ணம் விழுந்திருந்தால் சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. ஷாக்கப் உடம்பின் மேல்பாகத்தில் லேசாக எண்ணெய் ஈரத்தில் தூசு ஒட்டியிருப்பது சகஜம். கீழ்வரை நனைந்து சொட்டினால் மாற்றுங்கள், ஜோடியாக.

ஆனால் மாற்றுவதற்கு முன் மேல் மவுண்டைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் (ஷாக்கப்பும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பு) தலை நட்டு மேல் கை வைத்துக்கொண்டு ஒருவரை வண்டியை ஆட்டச் சொல்லுங்கள். தலை குதித்தால், அல்லது ரப்பர் கிண்ணத்திலிருந்து எழும்பி நின்றால் மவுண்ட் போய்விட்டது. கம்பியைச் சுற்றியிருக்கும் பம்ப் ஸ்டாப் பொடிந்து போயிருந்தாலும் இதே ‘தொம்’ வரும். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது இரும்பில் இரும்பு இடிக்காமல் தடுக்கும் நுரைக் கட்டை அது. ஏழு பேரும் இரண்டு நெல் மூட்டையும் ஏற்றிய வண்டியில் அது தினமும் அடி வாங்கும். வாங்கும்போது ஷாக்கப், மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் பூட் எல்லாம் சேர்த்து வாங்கிவிடுங்கள். மறுபடி பிரிக்கும் கூலி அவற்றைவிட அதிகம்.

ஸ்ட்ரட்டின் நடு நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் தளர்த்தவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் எலும்பை உடைக்கும், ஆளையே கொல்லும். கயிறு, சங்கிலி கட்டிச் செய்யும் குறுக்கு வழிகள் வேண்டாம். ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி, கருவி வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துச் சேர்த்து வாங்கி வரலாம். கழற்றும் முன், நக்கிளோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளின் நிலையைப் பெயின்டால் குறியுங்கள், சக்கரத்தின் சாய்வு அதில்தான் இருக்கிறது. வேலை முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம்.

புது ஷாக்கப்பை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுக்க அமுக்கி இழுத்துவிட்டு மாட்டுங்கள். படுக்க வைத்திருந்த ஷாக்கப்பின் உள்குழாயில் காற்று ஏறியிருக்கும், அதை வெளியேற்றாவிட்டால் முதல் நாளே தட்டும். பளபளக்கும் கம்பியைப் பிளையரால் கடித்துப் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் விழுந்தாலும் அது ஆயில் சீலை அறுக்கும்.

அறிகுறி: ஸ்டியரிங் திருப்பினால் மட்டும்

நின்ற இடத்திலேயே திருப்பும்போது ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட் பேரிங் இறுகிவிட்டது. ஸ்பிரிங் சுருளில் விரலைப் பட்டும் படாமல் வைத்தால் முறுக்கேறி விடுபடுவது தெரியும். விரல் சுருள்களுக்கு நடுவில் போகக் கூடாது. களத்தில் முழுக்க ஒடித்து வட்டமடிக்கும்போது, ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ‘கடக் கடக்’ என்று வேகத்தோடு சேர்ந்து வந்தால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். அதன் பூட் கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும்.

அறிகுறி: ‘கிரீச் கிரீச்’, கட்டில் முனகுவது போல

ரப்பர் முனகுகிறது. மழையில் நின்றுபோய், காய்ந்ததும் திரும்பினால் சந்தேகமே வேண்டாம். ஒரு ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வண்டியை அமுக்கி அமுக்கி ஆட்டட்டும், நீங்கள் ஒவ்வொரு புஷ்ஷாக நனையுங்கள். எதை நனைத்ததும் முனகல் நிற்கிறதோ அதுதான். அதற்குச் சிலிகான் கிரீஸ் மட்டும். பழைய எஞ்சின் ஆயில், டீசல் தெளிப்பது நம் ஊர்ப் பழக்கம். இரண்டு நாள் சத்தம் போகும், ரப்பர் ஊறிப் பெருத்து அதற்குப் பின் வேகமாகக் கிழியும்.

அடுக்குப் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் முனகல் பட்டைகளுக்கு நடுவிலிருந்தும் வரும். சேற்றை அழுத்தத் தண்ணீரால் கழுவி, ஷாக்கிள் புஷ்ஷையும் யூ போல்ட் இறுக்கத்தையும் பாருங்கள். தளர்ந்த யூ போல்ட் நடு போல்ட்டை வெட்டிவிடும்.

அறிகுறி: ‘ஊம்ம்’ என்ற ரீங்காரம், அல்லது நடுக்கம்

50 கிமீக்கு மேல் ரீங்காரம். இடது பக்கம் வளையும்போது கூடினால் வலது வீல் பேரிங், ஏனென்றால் பாரம் வலது பக்கம் சாய்கிறது. வலது வளைவில் கூடினால் இடது. எந்த வளைவிலும் மாறாவிட்டால் டயர் தேய்மானமாக இருக்கலாம், முன்பின் சக்கரங்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரீங்காரம் இடம் மாறினால் டயர்தான்.

80 கிமீயில் ஸ்டியரிங் நடுங்குகிறது, நேற்று வரை இல்லை என்றால், பேலன்சிங்குக்கு ஓடும் முன் ரிம்மின் உள்பக்கம் கையை விடுங்கள். வயலோரம் நிறுத்திய வண்டியில் களிமண் அப்பிக் காய்ந்து கல்லாக உட்கார்ந்திருக்கும். சுரண்டி எடுத்தால் நடுக்கம் போய்விடும், செலவு ஒரு குடம் தண்ணீர்.

பின்பக்கம்

பெரும்பாலான சின்னக் கார்களில் பின்னால் பாகமே குறைவு: ஒரு முறுக்குச் சட்டம், இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக்கப். டிக்கி காலியாகியும் தட்டினால் ஷாக்கப்பின் கீழ்க் கண் புஷ்ஷையும் மேல் நட்டையும் பாருங்கள், பாதி நேரம் மேல் நட்டு தளர்ந்திருக்கும். பிரேக்குக்கும் ரிவர்ஸுக்கும் பின்னாலிருந்து ‘டொக்’ வந்தால் முறுக்குச் சட்டத்தின் இரண்டு பெரிய புஷ். இவற்றை அழுத்தி இறக்க பிரஸ் வேண்டும், திசையும் பார்த்துப் போட வேண்டும், வீட்டு வேலை அல்ல. சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையம் அறுந்து, குழாய் சட்டத்தில் இடிப்பதும் பின் சஸ்பென்ஷன் போலவே கேட்கும். காலால் சைலன்சரை ஒரு தள்ளு தள்ளினால் தெரிந்துவிடும், சூடு ஆறின பிறகு.

நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளுக்குத் தனியாக ஒன்று. உப்புக் காற்றில் ஸ்பிரிங்கின் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு அரித்து, கடைசிச் சுற்று உடையும். உடைந்த துண்டு கிண்ணத்திலேயே உட்கார்ந்திருப்பதால் கண்ணுக்குப் படாது. அளந்து எழுதிய நான்கு எண்களை எடுங்கள். ஒரே அச்சில் இடதும் வலதும் 15 எம்எம்முக்கு மேல் வித்தியாசப்பட்டால் குறைந்த பக்க ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் துடைத்து விளக்கு அடித்துப் பாருங்கள். உடைந்த நுனி டயரைக் கிழிக்கும். அளக்கும்போது வண்டி சமதரையில் நிற்க வேண்டும், டயர்க் காற்று சமமாக இருக்க வேண்டும், டிக்கி காலியாக இருக்க வேண்டும்.

மாட்டி முடித்த பிறகு

வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள், சின்னக் கார்களில் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், சரியான எண் உங்கள் வண்டிப் புத்தகத்தில். ஸ்பேனர் மேல் ஏறி மிதித்து இறுக்கினால் ஸ்டட் நீண்டு பலவீனமாகும், நடு வழியில் பஞ்சரானால் கழற்றவும் முடியாது. பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப், ஏபிஎஸ் வயரின் கொக்கி இரண்டும் ஸ்ட்ரட்டில் பழையபடி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மறந்தால் வயர் டயரில் உரசி அறுபடும். டிஸ்க்கின் பின் தகடு கை பட்டு வளைந்திருந்தால் ஓட்டிய முதல் நிமிடமே ‘கீ...’ என்று கத்தும். விரலால் வெளியே இழுத்துவிட்டால் போதும், பயந்து மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம்.

பிறகு அதே சாலை, அதே வேகம், டயரில் அதே காற்று. ஒரு பாகத்தை மாற்றினால் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், அதற்குப் பின் அடுத்த பாகம். நான்கு பாகங்களை ஒரே நாளில் மாற்றினால் சத்தம் போகும், எதனால் வந்தது என்பது மட்டும் தெரியாது. 100 கிமீ ஓடிய பின் வீல் நட்டுகளுக்கு மறுபடி ஒரு முறை டார்க் ரெஞ்ச் வையுங்கள்.